பாவிழையும் பகா எண்ணும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நெய்யும் பட்டின் உடலில், ஊடை ஒரு பாவிழையின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செல்லும். ஸாட்டின் என்னும் வழவழப்பான துணியின் கட்டு வேறு. அதில் ஊடை நான்கு இழைகளின் மேல் மிதந்து, ஐந்தாவதன் கீழ் மட்டும் புகும். அடுத்த ஊடையில் அக்கட்டு இரண்டிழை தள்ளி விழும். இவ்வாறு 1, 3, 5, 2, 4 என ஐந்திழைகளும் கட்டுப்படுகின்றன. ஆறிழை வைத்து இரண்டிரண்டாகத் தள்ளினாலோ, 1, 3, 5 என்று போய் மறுபடி 1-க்கே வந்துவிடும். மற்ற மூன்றும் கட்டின்றிக் கிடக்கும். ஏழிழையில் இந்தச் சங்கடம் இல்லை. ஒன்று முதல் ஆறு வரை எத்தனை தள்ளினாலும் ஓரிழையும் தப்பாது. ஏழு, ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் வகுபடாத பகா எண்ணன்றோ?

இந்தத் தறிக் கணக்கை 1867-இல் சிறு நூலாக வெளியிட்டவர் பிரான்சு தேசத்து எடுவார்டு லூக்காஸ். பிற்காலத்தில் பாரிஸில் பள்ளியாசிரியராக விளங்கியவராதலால், அவரிடம் நமக்குச் சற்று அபிமானம் மிகுதி. 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் பகா எண்ணே என்று 1876-இல் நிறுவியவரும் அவரே. அந்த எண் இது:

170141183460469231731687303715884105727

முப்பத்தொன்பது இலக்கங்கள்! விநாடிக்கு ஓர் எண்ணாக வகுத்துப் பார்க்கப் புகுந்தால் நாற்பதினாயிரம் கோடி ஆண்டுகள் போதா. லூக்காஸ் வகுத்துத் தேடவில்லை. மீதிகளைக் கொண்டே தீர்ப்புக் கூறினார். அமெரிக்கரான லேமர் பின்னர் எளிதாக்கித் தந்த வடிவில், அம்முறையைச் சிறிய எண்ணொன்றில் நேயர்கள் தாமே செய்து பார்க்கலாம். ஏழு இரண்டுகளின் பெருக்கம் 128. ஒன்று போக 127. நான்கில் தொடங்கி, அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அம்மீதியை மறுபடி அவ்வாறே செய்க. ஏழுக்கு இரண்டு குறைவாக, ஐந்து முறை செய்தால் 14, 67, 42, 111, 0 என வரும். முடிவில் பூச்சியம், ஆகவே 127 பகா எண். பதினொரு இரண்டுகளுக்கோ பூச்சியம் வராது. அங்கே கிடைக்கும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகை.

இதில் ஒரு விந்தை உண்டு. பகுபடும் எண்ணைப் பகுபடும் என்று கூறும் இச்சோதனை, எதனால் பகுபடும் என்று கூறாது. 67 இரண்டுகளின் எண் பகுபடும் என்று லூக்காஸ் 1876-இலேயே கண்டார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என்பதை அமெரிக்கரான கோல் வெளியிட்டது 1903-இல்தான்.

இம்முறை இத்தகைய எண்களுக்கே பொருந்தும். எவ்வெண்ணாயினும் நியாயமான காலத்தில் ஐயமற முடிவு கூறும் முறையை 2002-இல் நம் நாட்டுக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்ஸேனா ஆகிய மூவர் கண்டனர். பின்னிருவரும் அப்போதுதான் பட்டப்படிப்பு முடித்திருந்தவர்கள். ஆயினும் மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவோர், கண்டதை உறுதிசெய்ய இன்றும் நாடுவது லூக்காஸின் வழியையே. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண்ணுக்கு 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கவேண்டும். அதன் இலக்கங்கள் 4,10,24,320. பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கம் அச்சிட்டாலும் பதின்மூவாயிரம் பக்கங்களில் அடங்காது.