நெகிழ்வட்டில் உறையும் பாடம்: பழைய கணினி ஆவணங்களின் பாதுகாப்பும் பெயர்ப்பும் பற்றிய சில குறிப்புகள்

இலக்கியத்தை அதன் உற்பத்தி நிலைமைகளோடு இணைத்து நோக்க வேண்டுமென்பது நம் ஆய்வுலகில் ஓரளவு ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஏடும் எழுத்தாணியும் எத்தகைய வாசிப்பை வேண்டி நின்றன, அச்சியந்திரம் எத்தகைய வாசகரை உருவாக்கிற்று என்னும் வினாக்கள் நமக்குப் புதியன அல்ல. ஆயின் 1980களில் எழுத்தாளரின் மேசைக்கு வந்த சிறு கணினியையும், பேச்சு வழக்கிற் ‘பிளொப்பி’ எனப்படும் நெகிழ்வட்டையும் நாம் இந்நோக்கிற் போதிய அளவு ஆராய்ந்துள்ளோம் எனக் கூறுதற்கில்லை.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டுச் சுவடிகள் ஒடிந்து அழிந்துகொண்டிருந்த நிலையைப் பதிப்புரையில் வருந்தி எழுதினார். எனினும், சிதைந்த ஏட்டில் எஞ்சிய எழுத்தைக் கண்ணால் வாசிக்க அவரால் முடிந்தது. நெகிழ்வட்டின் நிலை வேறு. வட்டு பழுதின்றி இருப்பினும் அதனை வாசிக்கும் பொறி இல்லாது போகலாம். பொறி இருப்பினும், வாசிக்கப்பட்ட எண்கள் எந்த எழுத்துகளைக் குறிக்கின்றன என்பது தெரியாது போகலாம். காந்தப் படலத்தின் சிதைவு அழிவுக்கு ஒரு காரணம் மட்டுமே. எழுத்தைத் திறக்கும் திறவுகோல் ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருந்து, அந்நிறுவனத்தோடு சந்தையிலிருந்து மறைந்துபோவது மற்றைய காரணம். இவ்விரண்டாவது காரணம் இயற்கையின் விளைவன்று. சமூக உறவுகளின் விளைவாகும். இக்கட்டுரை அதனையே விளக்க முற்படுகின்றது.

1. எலிசன் விட்டுச் சென்றவை

ஆபிரிக்க அமெரிக்க நாவலாசிரியரான றால்ஃப் எலிசன் 1952இல் வெளிவந்த தமது முதல் நாவலால் உலகப் புகழ் பெற்றவர். இரண்டாவது நாவலை அவர் நாற்பது ஆண்டுகளாக எழுதியும் முடிக்கவில்லை. 1967இல் அவரது கோடைகால இல்லத்தில் ஏற்பட்ட தீ அந்நாவலின் கையெழுத்துப் பிரதியில் ஒரு பகுதியை அழித்தது. 1982இல் அவர் ஒஸ்போர்ண் கணினியொன்றை வாங்கி அதில் எழுதத் தொடங்கினார். 1994இல் அவர் காலமானபோது தாள்களோடு பல நெகிழ்வட்டுகளும் எஞ்சின. அவை இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. நாவலின் ஒரு பகுதி 1999இற் பதிப்பிக்கப்பட்டது. கணினியில் எழுதப்பட்ட வரைவுகளையும் உள்ளடக்கிய பெரும் பதிப்பு 2010இலேயே வெளிவந்தது.

1981இற் சந்தைக்கு வந்த ஒஸ்போர்ண்-1, 1,795 டொலர் விலையுடைய, கையிற் தூக்கிச் செல்லத்தக்க பொறியாகும். ‘வேர்ட்ஸ்டார்’ என்னும் எழுத்துச் செயலி அதனோடு சேர்த்தே விற்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1983 செப்டெம்பரில், அதனைத் தயாரித்த நிறுவனம் முறிவடைந்தது. நிறுவனத்தின் ஆயுள் இரண்டாண்டு. நாவலின் ஆயுள் நாற்பதாண்டு. பண்டம் ஒரு காலக்கணக்கிலும் அப்பண்டத்தைக் கருவியாகக் கொண்ட படைப்பு இன்னொரு காலக்கணக்கிலும் இயங்கும் முரண்பாடு இதிலே தெளிவாகின்றது.

இம்முரண்பாட்டின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. மலிவான கணினி, தட்டெழுத்தாளரையும் அச்சகத்தையும் நம்பியிருந்த எழுத்தாளருக்குத் தம் பிரதியைத் தாமே ஆக்கித் திருத்தும் வல்லமையைத் தந்தது. ஒரு படைப்பு அதன் காலத்து உற்பத்தி உறவுகளுக்குள் எவ்விடத்தில் நிற்கின்றது என 1934இல் வால்ற்றர் பெஞ்சமின் எழுப்பிய வினா இங்கும் பொருந்துவதாகும். கருவி எழுத்தாளரின் கைக்கு வந்தது. கருவியின் மொழி அவரது கைக்கு வரவில்லை.

2. மூன்று படிகள்

பழைய வட்டிலிருந்து எழுத்தை மீட்பதனை ஒரே செயலாகக் கருதுவது பொதுவாகக் காணப்படும் மயக்கமாகும். உண்மையில் அது மூன்று தனித்தனிச் செயல்களைக் கொண்டது.

முதலாவது, வட்டின் படிமத்தை எடுத்தல். ஒஸ்போர்ண்-1இன் ஒற்றை அடர்த்தி வட்டில் 40 தடங்களும், தடமொன்றில் 10 துண்டங்களும், துண்டமொன்றில் 256 பைற்றுகளும் உள்ளன. மொத்தம் 102,400 பைற்றுகள். இன்று கடைகளிற் கிடைக்கும் யூ.எஸ்.பி. வட்டுச் செலுத்தி மூன்றரை அங்குல வட்டுக்கே உரியது; ஐந்தேகால் அங்குல வட்டு அதனுட் புகவே மாட்டாது. எனவே பழைய செலுத்தியொன்றைத் தேடி, காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்யும் மின்சுற்றொன்றோடு இணைத்தல் வேண்டும். ‘கிறீஸ்வீசல்’ என்னும் அத்தகைய கருவியின் வடிவமைப்பு எவரும் பயன்படுத்தும் வண்ணம் பொதுவில் விடப்பட்டுள்ளது. வட்டின் ஓரத்து வெட்டை முதலில் மூடிவிட்டால் தவறுதலாக அதன்மேல் எழுதப்படுவது தடுக்கப்படும். நம் நாட்டின் ஈரக் காற்றிற் பூஞ்சணம் பிடித்த வட்டைத் துப்புரவு செய்யாது செலுத்தியில் இடுதல் ஆகாது. இட்டால் வட்டும் செலுத்தியின் தலைப்பும் ஒருங்கே பழுதாகும்.

இரண்டாவது, படிமத்திலிருந்து கோப்புகளைப் பிரித்தல். அக்காலக் கணினிகள் பலவற்றை இயக்கிய சீ.பி./எம். என்னும் இயங்குதளம், வட்டின் எப்பகுதி எக்கோப்புக்கு உரியது என்பதைப் பட்டியலாக வைத்திருக்கும். அதன் 2.2ஆம் பதிப்புக் கோப்புகளுக்குத் திகதி இடுவதில்லை. எனவே எந்த வரைவு முந்தியது என்பதைக் கோப்பின் பெயரும் உள்ளடக்கமுமே உணர்த்தல் வேண்டும். வேர்ட்ஸ்டார் ஒவ்வொரு கோப்பின் முந்திய வடிவத்தையும் தானாகவே சேமித்து வைத்தமையால், ஒரே வட்டில் ஈரடுக்குப் பாடம் கிடைப்பதும் உண்டு.

மூன்றாவது, குறிமுறையைப் பெயர்த்தல். இதுவே பதிப்பாசிரியரின் கவனத்தை மிகவும் வேண்டி நிற்பது. ஆங்கிலச் சிறிய எழுத்தான ‘டி’க்குரிய எண் 100. வரியின் இரு ஓரங்களையும் நேர்ப்படுத்தும் பொருட்டு, வேர்ட்ஸ்டார் சொல்லின் இறுதி எழுத்தோடு 128ஐக் கூட்டி வைப்பது வழக்கம். ஆதலால் அந்த ‘டி’ சொல்லிறுதியில் 228 ஆகின்றது. இன்றைய கணினியில் அக்கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் ஈற்றெழுத்தும் விநோதக் குறியாகத் தோன்றும். 128ஐக் கழித்துவிட்டால் எழுத்து மீளும்.

ஆனால் எல்லா இடங்களிலும் கண்மூடித்தனமாகக் கழித்தல் பெருந்தவறாகும். எழுதுபவர் தாமே வரியை முறித்தால் வேர்ட்ஸ்டார் 13 என்னும் எண்ணை இடும். இடமின்மையாற் பொறி வரியை மடித்தால் 141ஐ இடும். 141இலிருந்து 128ஐக் கழித்தால் எஞ்சுவது 13. அதாவது, ஆசிரியர் முறித்த வரிக்கும் பொறி மடித்த வரிக்கும் உள்ள வேறுபாடு அக்கணமே அழிந்துவிடும். உரைநடை செய்யுள்போல் வரிவரியாய் உடையும். புதுக்கவிதையாயின் கவிஞரின் அடி எது, பொறியின் மடிப்பு எது என்பதை அதன்பின் எவராலும் அறிய முடியாது. ஆகவே 141ஐ முதலில் இனங்கண்டு நீக்கிய பின்னரே கழித்தல் நிகழ வேண்டும். ஏடு பெயர்த்தெழுதியோரின் கைப்பிழைகள் பாடபேதங்களுக்கு வழிவகுத்தமையை அறிந்த நமக்கு, பெயர்ப்பு நிரலும் ஓர் ஏடெழுதுவோரே என்பது எளிதில் விளங்கும்.

3. தமிழின் நிலை

ஆங்கிலத்தில் எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே பொது இணக்கமேனும் இருந்தது. தமிழில் அதுவும் இருக்கவில்லை. 1991இல் வெளியான யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றபோதிலும், அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் பல வழங்கின. இலங்கையிற் பெருவழக்குப் பெற்றது ‘பாமினி’.

பாமினியில் ‘தமிழ்’ என எழுதியவர், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே எழுதினார். எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வாவணம் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகவே தோன்றும். மேலும், பாமினி தட்டச்சுப்பொறியைப் பின்பற்றி எகரக் கொம்பை மெய்க்கு முன்னே பதிகின்றது. யுனிகோட் உச்சரிப்பு முறையில் மெய்க்குப் பின்னே பதிகின்றது. ஔகாரத்தின் பிற்குறியும் ளகர எழுத்தும் பாமினியில் ஒன்றே. எனவே ‘கௌ’ என்னும் ஓரெழுத்தா, ‘கெள’ என்னும் ஈரெழுத்தா என்பதைப் பெயர்ப்பு நிரல் தானாக அறியாது. சொல்லின் பொருளை அறிந்த மனிதரே தீர்மானித்தல் வேண்டும். பெயர்க்கப்பட்ட தமிழ் நூல்களிற் ‘கெளரவம்’ என்னும் வடிவம் மலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆகையாற் பழைய தமிழ்க் கோப்பைக் கையாள்வோர், அதன் எழுத்துரு எது என்பதையும் சேர்த்தே பாதுகாத்தல் இன்றியமையாதது. எழுத்துருப் பெயர் தொலைந்த தமிழ்க் கோப்பு, எந்த வரிவடிவில் எழுதப்பட்டது என்பதே தெரியாத கல்வெட்டுக்கு ஒப்பாகும்.

4. நீக்கப்பட்டவையும் நம் பொறுப்பும்

சீ.பி./எம். வட்டில் ஒரு கோப்பை அழிக்கும்போது எழுத்து அழிவதில்லை. பட்டியலில் அதன் முதற் பைற்று 229 என மாற்றப்படுகின்றது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும். முழு வட்டின் படிமத்தை எடுப்பவர், எழுதியவர் விலக்கியவற்றையும் தம்மையறியாமலே எடுத்துவிடுகின்றார். ஆய்வாளருக்கு இது செல்வமாகத் தோன்றலாம். ஆனால் போர்க்காலத்தில் எழுதப்பட்ட கடிதங்களும் பெயர்ப்பட்டியல்களும் ஒருவர் வேண்டுமென்றே நீக்கியவையாக இருக்கக்கூடும். அவற்றிற் குறிக்கப்பட்டோர் இன்றும் வாழ்பவராக இருக்கக்கூடும். மீட்கும் ஆற்றல் வெளியிடும் உரிமையைத் தந்துவிடாது. படிமத்தைப் பாதுகாத்தல் வேறு, பகிரங்கப்படுத்தல் வேறு என்னும் வரையறையை ஆவணக் காப்பகங்கள் முதலிலேயே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

இக்கட்டுரை முன்வைக்கும் நடைமுறைகள் சிலவே. மூலப் படிமத்தைத் திருத்தாது வைத்தல். பெயர்ப்பு எவ்விதிப்படி நிகழ்ந்தது என்பதைப் பதிப்புரைபோல் எழுதிவைத்தல். பெயர்த்த பாடத்தை எந்த நிறுவனத்துக்கும் உடைமையாகாத எளிய யுனிகோட் வடிவிற் சேமித்தல். பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல். இறுதியாகக் கூறியதற்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாதிருந்த சுவடிகளே மீளாத இழப்பாயின.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம், தன்னார்வக் கூட்டுழைப்பால் ஈழத்து அச்சுப் பிரதிகளைக் காக்க முடியும் என்பதை நிரூபித்துள்ளது. சிற்றிதழ் ஆசிரியர்களின் அலுமாரிகளிலும், பல்கலைக்கழகத் துறைகளின் மேசைப் பெட்டிகளிலும், புலம்பெயர்ந்தோரின் பெட்டகங்களிலும் கிடக்கும் வட்டுகளும் அதே கூட்டுழைப்பை வேண்டி நிற்கின்றன. சீ.பி./எம்.மின் உரிமை பெற்றிருந்தோர் 2001இல் அதனைப் பகிர அனுமதி வழங்கினர். அவ்வனுமதி 2022இல் மேலும் தெளிவாக்கப்பட்டது. திறவுகோல் பொதுவுடைமையாகும்போது பூட்டு வலுவிழக்கின்றது. எஞ்சியிருப்பது வட்டுகளைத் தேடிச் செல்லும் பணி. எழுதியோர் இருக்கும்போதே, எந்த எழுத்துரு, எந்தச் செயலி, எந்த ஆண்டு என அவர்களையே கேட்டறியக்கூடிய காலத்திலேயே, அப்பணி தொடங்கப்படுதல் வேண்டும்.