உறவினர்க்குச் செய்தி சொல்பவர் ஒருவராக இருக்கட்டும்

1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலேயே தூத்துக்குடிக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொழும்பிலும் உறவினர் இருந்தனர். கடிதம் வரும்வரை இரு கரையிலும் காத்திருந்தனர். இன்று ஒருவரை இங்கே அனுமதித்த சில நிமிடங்களில் துபாய் வரை செய்தி எட்டிவிடுகிறது. ஆனால் அது ஒரே செய்தியாகச் செல்வதில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வழக்கமான கண்காணிப்புக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரை, 'கவலைக்கிடம்' என்று யாரோ எழுதிவிடுகிறார். வெளிநாட்டு மகன் பதறி விமானச்சீட்டு எடுக்கிறார்.

ஆகவே குடும்பத்துக்கு ஒருவரைத் தேர்ந்துகொள்ளுமாறு வேண்டுகிறோம். அவர் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. மருத்துவர் கூறுவதை நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொள்பவராக இருந்தால் போதும். காலையில் மருத்துவர் பார்த்துச் சென்றபின், இரவு எவ்வாறு கழிந்தது, இன்று என்ன சிகிச்சை, அடுத்த தகவல் எப்போது என்பவற்றை வாட்ஸ்அப் குழுவில் அவர் தெரிவிக்கலாம். படிக்க இயலாத பாட்டிமார்க்குக் குரல் பதிவே நல்லது. ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் நாளும் நேரமும் அவசியம். படகில் சென்றவர் கரையை நெருங்கி, அலைபேசிக்குத் தொடர்பு கிடைத்ததும், பழைய செய்தியைப் புதியதென்று எண்ணிக் கலங்கக்கூடும். இரத்தம் வேண்டி விடுத்த கோரிக்கையும் அப்படியே. கிடைத்தவுடன் 'போதும்' என்று அறிவியுங்கள்.

பரிசோதனை அறிக்கைகளைப் படமெடுத்துப் பகிர்வதற்கு முன் நோயாளியிடம் கேளுங்கள். தம் நோயின் பெயரைச் சம்பந்தி வீட்டார் அறிய வேண்டாம் என்று அவர் கருதினால், 'நலமாக இருக்கிறார், ஓய்வு தேவை' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.