உடைந்த 'எக்ஸ்ட்ரா' விளக்கு... கார் சோதனையில் தேறுமா?

முன்பக்க ஃபாக் லைட்டின் கண்ணாடியில் விரிசல். பின்பக்கத்தில் ஒட்டிய எல்இடி பட்டையில் பாதி எரிவதில்லை. காருக்கு அடியில் பொருத்திய விளக்கு கழன்று தொங்குகிறது.

இதற்கிடையே சாலை வரியைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்குகிறது. அதற்கு முன் வாகனச் சோதனைக்குப் போகவேண்டும்.

"அது சும்மா எக்ஸ்ட்ரா லைட்டுதானே? அதுக்குப் போயா ஃபெயில் பண்ணுவாங்க?"

கார் வைத்திருக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. சுருக்கமான பதில்: 'எக்ஸ்ட்ரா' என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு விளக்கு சோதனையிலிருந்து தப்பித்துவிடாது. அது எந்த வகை விளக்கு, எப்படிப் பழுதானது, அந்தப் பழுது வேறு எதைப் பாதிக்கிறது என்பதையெல்லாம் பார்க்கவேண்டும்.

சற்று விவரமாகப் பார்ப்போம்.

யார் சோதனைக்குப் போகவேண்டும்?

சிங்கப்பூரில் தனியார் கார்களுக்கு முதல் 3 ஆண்டுகள் சோதனை இல்லை. 3 ஆண்டைத் தாண்டிய கார், 10 ஆண்டு ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப் போகவேண்டும். 10 ஆண்டைத் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் போகவேண்டும்.

சிஓஇ-யைப் புதுப்பித்துப் பழைய காரை ஓட்டுபவர்களும் பழைய காரை வாங்கும் இளையர்களும் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முந்திய உரிமையாளர் ஆசைப்பட்டு மாட்டிய விளக்குகளும் காரோடு சேர்ந்துதான் வரும். கார் உங்கள் பெயருக்கு மாறியபிறகு அவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த விக்கோம், ஜேஐசி, எஸ்டிஏ நிலையங்களில் சோதனை நடக்கிறது. பிரேக், சக்கரங்களின் நேர்த்தன்மை, புகை, சத்தம், காரின் அடிப்பாகம் ஆகியவற்றோடு விளக்குகளும் பார்க்கப்படும். முகப்பு விளக்கின் ஒளி எந்த உயரத்தில், எந்தத் திசையில் விழுகிறது என்பது கருவி வைத்து அளக்கப்படும்.

சோதனையில் தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. பழுதைச் சரிசெய்து, கட்டணம் செலுத்தி மறுசோதனைக்குப் போகவேண்டும். அதற்குள் சாலை வரி காலாவதியாகிவிட்டால் காரைச் சாலையில் ஓட்டவே கூடாது. சில வெள்ளிக்கு முடிந்திருக்கவேண்டிய வேலை, கார் இல்லாத சில நாள்களாக மாறிவிடலாம்.

எது கட்டாயம்? எது கூடுதல்?

முகப்பு விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல், பின்பக்க நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் தரும் சிறிய விளக்கு போன்றவை ஒரு காருக்குக் கட்டாயம் தேவைப்படுபவை. இவற்றில் ஒன்று உடைந்தாலோ எரியாவிட்டாலோ பேச்சே இல்லை. மாற்றித்தான் ஆகவேண்டும்.

'கூடுதல்' என்று நாம் சொல்பவற்றில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, தயாரிப்பாளரே பொருத்தி அனுப்பியவை. முன்பக்க ஃபாக் லைட்டும், பகலில் எரியும் டிஆர்எல் விளக்கும் இதில் அடங்கும். ஒரே ரகக் காரில் விலை குறைந்த பதிப்பில் இவை இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் உங்கள் கார் அங்கீகாரம் பெற்று வந்தபோது அவை காரின் ஒரு பகுதி.

இரண்டாம் வகை, நாமே வாங்கி மாட்டியவை. கண்ணைப் பறிக்கும் அலங்கார விளக்கு, காருக்கு அடியில் நியான் வெளிச்சம், கூடுதல் ஸ்பாட் லைட் என்று பட்டியல் நீளும்.

சோதனையில் இரண்டு வகைக்கும் ஒரே பதில் கிடையாது. உங்கள் விளக்கைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி 1: அந்த விளக்கு காரில் இருக்கலாமா?

வாகனத்தில் செய்யும் மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெற்றுச் செய்யவேண்டியவை, செய்யவே கூடாதவை.

மற்ற ஓட்டுநர்களின் கவனத்தைத் திருப்பும் அலங்கார விளக்குகள் மூன்றாம் பிரிவில் வருகின்றன. அப்படியொரு விளக்கு உடைந்திருக்கிறதா, நன்றாக எரிகிறதா என்பது இரண்டாம்பட்சம்தான். நன்றாக எரிந்தால்தான் பிரச்சினை இன்னும் பெரிது!

இதற்குக் காரணம் உண்டு. சாலையில் நிறம் என்பது ஒரு மொழி. வெள்ளை விளக்கு தெரிந்தால் அது வாகனத்தின் முன்பக்கம். சிவப்பு என்றால் பின்பக்கம். ஆரஞ்சு மினுக்கினால் திரும்பப் போகிறது. இருட்டில், மழையில், 100 மீட்டர் தூரத்தில் நாம் இந்த மொழியை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். நீலமோ பச்சையோ அதன் நடுவே புகுந்தால் வாசிப்பவர் குழம்பிப்போவார்.

கேள்வி 2: இருக்கலாம் என்றால், வேலை செய்கிறதா?

ஃபாக் லைட் இல்லாமலே வந்த கார் சோதனையில் தேறுகிறது. அப்படியிருக்க, ஃபாக் லைட் உடைந்த கார் மட்டும் ஏன் மாட்டவேண்டும்?

நியாயமான கேள்விதான். இதற்கு விடையைத் தேதி போட்டு எழுதிவைத்திருக்கும் நாடு பிரிட்டன். 'எம்ஓடி' என்பது அங்கு நடக்கும் வாகனச் சோதனையின் பெயர். 2018 மே மாதம் அதன் விதிகள் மாற்றப்பட்டன. 2018 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் முன்பக்க ஃபாக் லைட்டும் டிஆர்எல்லும் இருந்தால், அவையும் சோதிக்கப்படும். அதைவிடப் பழைய காருக்கு அந்தச் சோதனை இல்லை. ரிவர்ஸ் விளக்குக்கு 2009 செப்டம்பர் 1 என்ற தேதியும் பின்பக்க ஃபாக் லைட்டுக்கு 1980 ஏப்ரல் 1 என்ற தேதியும் உண்டு.

பிரிட்டனின் தேதிகள் சிங்கப்பூருக்குப் பொருந்தா. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஒரு விளக்கைப் பொருத்தவேண்டிய கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். பொருத்திவிட்டால் அது ஒழுங்காக வேலை செய்யவேண்டும்.

எதிரே வரும் ஓட்டுநருக்கு அது கட்டாய விளக்கா, கூடுதல் விளக்கா என்று தெரியாது. ஒரு பக்க ஃபாக் லைட் மட்டும் எரியும் காரைத் தொலைவிலிருந்து பார்த்தால், மோட்டார்சைக்கிள் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

எல்இடி பாதி எரிந்தால்?

பழைய குமிழ் விளக்கு ஒன்று எரியும், இல்லையென்றால் அணைந்துவிடும். எல்இடி அப்படியில்லை. ஒரே விளக்குக்குள் பல புள்ளிகள் இருக்கும். இரண்டு அணைந்தாலும் மற்றவை எரியும்.

இதற்கும் எம்ஓடி விதியில் ஒரு கணக்கு உண்டு. பாதி வரையிலான புள்ளிகள் எரியாவிட்டால் அது சிறிய குறை, கார் தேறிவிடும். பாதிக்கு மேல் அணைந்துவிட்டால் அது பெரிய குறை, கார் தேறாது.

இரண்டு புள்ளிகள் அணைந்த நிலையிலேயே மாற்ற ஏற்பாடு செய்வது புத்திசாலித்தனம். ஈரம் உள்ளே போய்ப் பழுதான எல்இடி, அத்தோடு நின்றுவிடுவது அரிது.

கேள்வி 3: அந்தச் சேதம் வேறு எதையாவது பாதிக்கிறதா?

பலர் யோசிக்காத கேள்வி இது. உடைந்த விளக்கு எரியாமல் இருப்பதைவிட, அது பக்கத்தில் இருப்பதற்குச் செய்யும் கெடுதல் அதிகமாக இருக்கலாம்.

முதலில் தண்ணீர். விரிசல் விழுந்த மூடிக்குள் மழைநீர் இறங்கும். நம் ஊர் மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? தண்ணீர் உள்ளே இருக்கும் இணைப்புகளில் துருவேற்றும். அதே மின்சுற்றில் சிக்னலோ பின்விளக்கோ இருந்தால் அதுவும் கெட்டுப்போகும்.

அடுத்தது, ஒயர். கூடுதல் விளக்கைப் பெரும்பாலும் பின்விளக்கின் ஒயரில் இருந்து கிளை பிரித்துத்தான் மாட்டுவார்கள். அந்த இணைப்பு தளர்ந்தாலோ, எர்த் ஒயர் துருப்பிடித்தாலோ விநோதமான காட்சிகள் தெரியும். சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்கும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு அணையும். மின்சாரம் தன் வழி அடைபட்டதால் பக்கத்து விளக்கின் வழியே போவதுதான் காரணம். அப்போது பழுதானது கூடுதல் விளக்கு மட்டுமல்ல, கட்டாய விளக்கும்தான்.

சிக்னல் வேகமாக மினுக்குவதும் ஓர் எச்சரிக்கை. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்குவதுதான் வழக்கமான அளவு. குமிழை எடுத்துவிட்டு எல்இடி போட்டால், அது இழுக்கும் மின்சாரம் குறைவு. 'விளக்கு எரிந்துபோய்விட்டது' என்று நினைத்துக்கொண்டு காரும் சிக்னலை வேகமாக அடிக்க ஆரம்பிக்கும்.

கடைசியாக, கூர்மை. உடைந்த பிளாஸ்டிக் முனை நீட்டிக்கொண்டிருந்தால் நடந்துபோகும் ஒருவரின் காலைக் கிழிக்கலாம். தொங்கும் விளக்கு விரைவுச்சாலையில் கழன்று விழுந்தால், பின்னால் மோட்டார்சைக்கிளில் வருபவரின் கதி?

"சோதனைக்கு முன்னாடி கழட்டிட்டு, அப்புறம் மாட்டிக்கலாமே?"

இதையும் பலர் கேட்கிறார்கள்.

அனுமதி இல்லாத விளக்கைக் கழற்றுவது நல்ல முடிவு. திரும்ப மாட்டுவதுதான் தவறு. சோதனைச் சான்றிதழ் அன்றைய தினம் கார் எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். சட்டம் மற்ற நாள்களுக்கும் பொருந்தும். நிலப் போக்குவரத்து ஆணையமும் போக்குவரத்துக் காவல்துறையும் சாலையிலும் சோதனை நடத்துகின்றன. சட்டவிரோத மாற்றம் செய்த குற்றத்துக்கு அபராதமும் சிறைத்தண்டனையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கேள்வி கேட்கும்.

தயாரிப்பாளர் பொருத்திய விளக்கு என்றால் கழற்றாதீர்கள், சரிசெய்யுங்கள். ஒயரை மட்டும் வெட்டிவிட்டு உடைந்த கூட்டை அப்படியே விட்டுவைப்பது தீர்வாகாது. சந்தேகம் இருந்தால் சோதனைக்கு முன்பே நிலையத்தைத் தொடர்புகொண்டு கேட்டுவிடுங்கள்.

உடைந்த மூடியில் சிவப்பு டேப் ஒட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. வெயிலிலும் மழையிலும் டேப்பின் நிறம் மங்கும். சிவப்பாகத் தெரியவேண்டிய விளக்கு பின்பக்கத்தில் வெள்ளையாகக் கசியும். இரவில் அதைப் பார்ப்பவருக்கு, கார் தன்னை நோக்கி வருவதுபோல் தோன்றலாம்.

வீட்டிலேயே 10 நிமிடச் சோதனை

சோதனைக்கு ஒரு வாரத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். கோளாறு இருந்தால் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

- அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்துங்கள். முகப்பு விளக்குகளின் ஒளி இரு பக்கமும் ஒரே உயரத்தில் விழுகிறதா?

- தம்பியையோ தோழியையோ பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பிரேக், சிக்னல், ரிவர்ஸ் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். பிறகு பிரேக்கையும் சிக்னலையும் சேர்த்துப் போடுங்கள். ஒன்று இன்னொன்றைப் பாதித்தால் எர்த் ஒயரில் கோளாறு இருக்கலாம்.

- நம்பர் பிளேட் விளக்கைப் பாருங்கள். அதிகம் மறக்கப்படுவது அதுதான்.

- விளக்கு மூடிக்குள் நீர்த்துளி நிற்கிறதா? லேசான ஆவி வெயிலில் காய்ந்துவிடும். தேங்கி நிற்கும் தண்ணீர் காயாது.

- நீங்கள் மாட்டாத விளக்கு ஏதாவது இருக்கிறதா? பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

எதற்கு இவ்வளவு?

ஒரு ஃபாக் லைட்டுக்கு இத்தனை விளக்கமா என்று தோன்றலாம்.

உங்கள் காரின் விளக்குகளில் பெரும்பாலானவை உங்களுக்காக எரிவதில்லை. பிரேக் விளக்கையோ பின்பக்க சிக்னலையோ ஓட்டும்போது உங்களால் பார்க்கவே முடியாது. அவை பின்னால் வருபவருக்காக எரிகின்றன. சாயங்கால மழையில் தீவு விரைவுச்சாலையில் உங்களுக்குப் பின்னால் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வருகிறார். நீங்கள் வேகத்தைக் குறைப்பது அவருக்குத் தெரியவேண்டும். அந்தச் சிவப்பு விளக்கைத் தவிர அவருக்கு வேறு தகவல் இல்லை.

சோதனை அதிகாரி பார்ப்பது அதைத்தான். 2 ஆண்டுக்கு ஒருமுறை அவர் பார்க்கிறார். மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் பார்த்தால், சோதனை நாளில் பயப்பட ஒன்றும் இருக்காது.