வண்டூர்க் குழந்தைக்கு வழியிலேயே வைத்தியம்

வண்டூர் என்றதும் ஊர் சுற்ற வருபவர்களுக்கு நினைவு வருவது பவளப் பாறைகள். 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு இதுதான் வாசல். ஜாலி பாய் தீவுக்கு இங்கிருந்துதான் படகு ஏறவேண்டும். ஆனால் இங்கேயே குடியிருக்கும் குடும்பங்களுக்குப் படகைவிடப் பஸ்தான் முக்கியம். கைக்குழந்தைக்கு மூச்சு இரைத்தால் போர்ட் பிளேருக்கு ஓடவேண்டும். (2024 செப்டம்பரில் அந்த நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) தூரம் சுமார் 30 கிலோமீட்டர்.

அங்கே ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. செல்லுலார் ஜெயில் வளாகத்தில் 1963-ல் ஏற்பட்டது. கைதிகளை அடைத்து வைத்த வளாகத்தில் இன்று குழந்தைகள் பிறக்கின்றன! நிக்கோபாரிலிருந்தும் திக்லிப்பூரிலிருந்தும் கடினமான நோயாளிகள் வந்து சேருவது இங்கேதான்.

ஆகவே, ஆஸ்பத்திரி இல்லையே என்பதல்ல கவலை. அங்கே போய்ச் சேரும்போது குழந்தை எந்த நிலையில் இருக்கிறது, சேர்ந்த பிறகு செய்யவேண்டிய சின்னச் சின்னக் காரியங்கள் தவறாமல் நடக்கின்றனவா என்பதே கவலை.

உடல் சூடு

பிறந்த குழந்தையின் உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்கவேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. மழைக்காலத்தில், ஜன்னல் மூடாத வண்டியில், ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தால், அந்த 30 கிலோமீட்டருக்குள் குழந்தை சில்லிட்டுப் போகும். சில்லிட்ட குழந்தை பால் குடிக்காது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். மூச்சும் தடுமாறும். பிறகு எத்தனை பெரிய டாக்டர் காத்திருந்தும் கஷ்டம்தான்.

இதற்கு மருந்து, தாயின் மார்பு. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைத்தார்கள். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் இருந்ததால் கங்காரு முறை என்று பெயர் வந்தது. ஏழைகளுக்கான மாற்று வழி என்று தொடக்கத்தில் நினைத்தவர்கள் உண்டு. 2021-ல் உலக சுகாதார நிறுவனம், இந்தியா உள்பட 5 நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகளை உடனே இப்படி அணைத்ததில், சாவு கால் பங்கு குறைந்திருந்தது. தொப்பி, காலுறை, ஒரு வேட்டித் துணி. வேறு செலவு இல்லை. அம்மா படுத்திருந்தால் அப்பாவும் அணைக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊரிலிருந்து கூடவே வந்த சில பழக்கங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிறந்ததும் சேனை வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதிச் சளி எடுப்பது இவையெல்லாம் பாட்டி காலத்துப் பாசம்தான். ஆனால் நோய்க் கிருமி உள்ளே போக இதைவிட நல்ல வழி வேண்டாம்.

மூச்சும் கழிச்சலும்

நிமோனியாவைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணினால் போதும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கை வந்தாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் உடனே வண்டி பிடிக்கவேண்டும். எண்ணுவதற்கு ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும். ஆனால் வரிசை நீண்டு நிற்கும் புறநோயாளிப் பிரிவில் முதலில் விட்டுப்போவது இந்த ஒரு நிமிடம்தான்.

வயிற்றுப்போக்கின் கதை வங்காளிகளுக்கு நன்றாகத் தெரியும். 1971-ல் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை உறவினர்கள் கையில் கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. இன்றும் அதே வழிதான். அதோடு 14 நாள் துத்தநாக மாத்திரை. ஆறு மாதத்துக்குள் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. 'தோஷம்' என்று மந்திரித்துவிட்டுக் காத்திருக்கும் வீடுகளில், குழந்தையின் உச்சிக்குழி அமுங்கிய பிறகுதான் பஸ் தேடுகிறார்கள்.

மதிப்பெண் போடுகிறார்கள்

ஆஸ்பத்திரிகளுக்கும் இப்போது பரீட்சை உண்டு. மத்திய சர்க்கார் 2021 செப்டம்பரில் 'முஸ்கான்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முஸ்கான் என்றால் இந்தியில் புன்னகை. பிறந்தது முதல் 12 வயது வரை குழந்தைகளைப் பார்க்கும் பிரிவுகளைச் சோதித்து மதிப்பெண் கொடுப்பது இதன் வேலை. நர்சு கை கழுவுகிறாரா, மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்குத் தக்கபடி கணக்கிடுகிறார்களா, தாய் அருகில் இருக்க இடம் உண்டா என்று பார்க்கிறார்கள். சுவரில் பூசிய பெயிண்டுக்கு இதில் அதிக மரியாதை இல்லை.

சோதிக்க வருபவர்கள் நோட்டுப் புத்தகத்தை மட்டும் புரட்டுவதில்லை. படுக்கை அருகில் இருக்கும் தாயையும் கேட்கிறார்கள். 2011 கணக்குப்படி இத்தீவுகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தாய்மொழி தமிழ். இந்தியில் சொன்னது பாதி புரிந்து, தலையை ஆட்டிவிட்டு வீடு திரும்பும் தாய், மருந்தை எத்தனை நாள் கொடுப்பாள்? வீட்டுக்கு அனுப்பும் முன், சொன்னதை அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பது நல்ல ஆஸ்பத்திரிக்கு அடையாளம். புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த ஊழியரைக் கூப்பிடச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பணம் பற்றிய தயக்கமும் வேண்டாம். 2011 ஜூன் 1-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, நோயுற்ற பச்சிளங் குழந்தைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும், பிறகு வீட்டுக்கும் வண்டியும் இலவசம். பிற்பாடு இதை ஒரு வயது வரை நீட்டினார்கள். கிளம்பும்போது என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் வீடு தேடி வந்து பார்க்கவேண்டிய நாட்கள் 3, 7, 14, 21, 28, 42. எடை பார்ப்பதும் சூடு பார்ப்பதும் மூச்சு எண்ணுவதும் அவர் வேலை. கடைசியாக வரும் 42-ம் நாள்தான் ஆறு வாரத் தடுப்பூசிக்கும் நாள். தடுப்பூசி அட்டையை அன்று கையில் எடுத்து வைத்திருந்தால் நல்லது.