சொந்த வீடும் சங்கத்தின் விதியும்

தம் பொருளைக் கொடுத்து வாங்கிய வீட்டின் கதவுக்கு எந்நிறம் பூசலாம் என்பதை அயலவர் ஐவர் கூடித் தீர்மானிப்பதென்றால் நம்மிற் பலர் அதற்கு இணங்கமாட்டோம். வளவும் வேலியும் எம்முடையவை என்றே பேசிப் பழகியவர்கள் நாம். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவிலே இலட்சக்கணக்கான குடும்பங்கள் இத்தகைய கட்டுப்பாட்டுக்கு உடன்பட்டே வீடு வாங்குகின்றன. உள்வீதி, பூந்தோட்டம், நீச்சற்குளம், தொடர்மாடியாயின் கூரை ஆகியவை அங்கே எல்லார்க்கும் பொது. அவற்றைப் பேணுவதற்கு வீட்டுரிமையாளர் சங்கம் ஒன்றுண்டு. உறுப்பினர் தெரிவுசெய்யும் நிர்வாக சபை அதனை நடத்தும்.

இச்சங்கங்களின் விதிகள் இருவகைப்படும். முதலாவது, நில உறுதியோடு பதிவுசெய்யப்படும் மூலப் பிரகடனம். இதனை மாற்றுவதற்கு உரிமையாளரின் வாக்கு வேண்டும். மற்றையது, அன்றாட நடைமுறைக்கென நிர்வாக சபை தானே இயற்றும் விதி.

மூலப் பிரகடனத்தின் வலிமைக்குக் கலிபோர்னியா மாநிலத்து வழக்கொன்று சான்றாகும். 530 வீடுகள் கொண்ட தொடர்மாடித் தொகுதியொன்றிலே ஒரு பெண்மணி மூன்று பூனைகளை வளர்த்தார். பிரகடனம் பூனையைத் தடைசெய்தமையாற் சங்கம் தண்டம் விதித்தது. பூனைகள் வீட்டினுள்ளேயே இருப்பவை, எவருக்கும் இடையூறு செய்யாதவை என்பது அவர் வாதம். 1994இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பதிவான கட்டுப்பாடு நியாயமானதென்றே கொள்ளப்படும். ஒரு வீட்டாரின் நிலையை மாத்திரம் நோக்கி அதனைத் தள்ளுதல் ஆகாது என்றது. நீதியரசர் அராபியன் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. பின்னர் சட்டசபையும் இரங்கியது போலும்: 2001ஆம் ஆண்டு முதல் ஆக்கப்படும் அல்லது திருத்தப்படும் ஆவணங்கள், ஒரு வளர்ப்புப் பிராணியையேனும் வைத்திருக்கும் உரிமையை முற்றாக மறுக்கலாகாது.

இனி, சபை தானே இயற்றும் விதிக்கு வருவோம். வாக்கெடுப்பின்றிச் சிலர் கையில் அதிகாரம் சேர்வதால் இங்கேதான் காவல் அதிகம் வேண்டும். 1985இல் இயற்றப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம் அதற்கு வழி வகுத்துள்ளது. விதி எழுத்தில் இருத்தல் வேண்டும். நியாயமானதாயும், மூலப் பிரகடனத்துக்கு முரணாகாததாயும் இருத்தல் வேண்டும். முடிவெடுப்பதற்குக் குறைந்தது 28 நாள்களுக்கு முன்னரே விதியின் வாசகத்தையும், அதன் நோக்கத்தையும் விளைவையும் உறுப்பினருக்கு அறிவித்தல் வேண்டும். அவர்கள் கூறும் கருத்துகளை ஆராய்ந்த பின்னரே சபைக் கூட்டத்தில் முடிவெடுக்கலாம். முடிவையும் 15 நாள்களுக்குள் அறிவித்துவிடவேண்டும். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்தெனில், அல்லது பெரும் பொருள் நட்டம் நேருமெனில், முன்னறிவித்தலின்றியும் விதி செய்யலாம். அதன் ஆயுள் 120 நாள்களே. அதனையே அவசர விதியாக மறுமுறை புதுப்பித்தல் இயலாது.

நேயர்களே, நோக்கத்தையும் எழுதவேண்டும் என்னும் பகுதியைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாயிருந்தது. பாடசாலை அறிவித்தற் பலகையில் எத்தனையோ விதிகளை ஒட்டியவன் நான். துவிச்சக்கரவண்டிகளைப் பின்வாயிலால் மாத்திரம் கொண்டுவருதல் வேண்டும் என்று ஒருமுறை எழுதினேன். ஏன் என்பதை எழுதவில்லை. ஒரு தவணை முழுவதும் மாணவர் அதனைத் தண்டனையென்றே எண்ணியிருந்தனர்.

சபையின் முடிவு பிடிக்காதோர்க்கும் வழியுண்டு. நூற்றுக்கு ஐந்து வீதம் வீடுகளின் உரிமையாளர் ஒன்றுசேர்ந்து, அறிவித்தல் கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்திற் கேட்டால், எல்லா உறுப்பினரும் வாக்களித்து அவ்விதியை நீக்கலாம். நீக்கிய விதியை ஓராண்டுக்குச் சபை மீண்டும் கொண்டுவர இயலாது. ஆனால் அதே விடயத்தில் வேறொரு விதியை இயற்றுதற்குத் தடையில்லை. ஆகவே வென்றவர்களும் அடுத்த அறிவித்தலைப் படிக்காமல் விடுவதற்கில்லை.