கண்ணாடித் தொட்டியிற் கடலனிமனிக் களை

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கடற்கரை வீதியில், நிலாவெளிக்கு அப்பால் அமைந்துள்ளது குச்சவெளி. அப்பெயர் தாங்கிய பிரதேசப் பிரிவினுள் அடங்குவது, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவு. 1963 ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும் 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட அத்தீவை முருகைக்கற் பார்கள் சூழ்ந்துள்ளன. இத்தகைய பார்களில் வாழும் உயிர்களுள் ஒன்று கடலனிமனி. மலர்போலத் தோன்றினும் அது விலங்கே. அதன் வாயைச் சூழ்ந்த பரிசக்கொம்புகளிற் கொட்டுங் கலங்கள் நிறைந்துள்ளன. அவ்வகையுட் பெரியன சில, கோமாளி மீனுக்கு இல்லமாக அமைந்து அதனைப் பகைவரிடமிருந்து காக்கின்றன.

கடலில் இவ்வாறு பயன்படும் குலத்தைச் சேர்ந்த சிற்றுயிர் ஒன்று, முருகைக்கல் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியிற் பெருங் களையாகிவிடுகின்றது. வெப்பக் கடல்கள் பலவற்றிற் காணப்படும் ஐப்டேசியா என்பதே அது. மங்கிய பழுப்பு நிறமும் மெல்லிய தண்டும் உடைய இவ்வுயிர், தொட்டியில் இடப்படும் பாறைத் துண்டின் துளையுள் ஒளிந்து எவரும் அறியாமல் உட்புகும். சில மாதங்களிற் பாறையெங்கும் பரவி, அயலிலுள்ள முருகைப் பூச்சிகளைக் கொட்டி அழிக்கும்.

இதன் பெருக்கத்துக்குக் காரணம் இரண்டு. முதலாவது, உணவு. இதன் உடலினுள் வாழும் நுண்ணிய அல்காக்கள் ஒளியைக்கொண்டு உணவு ஆக்கி அளிக்கின்றன. மீன்கள் உண்ணாது விட்ட இரையையும் இது பற்றிக்கொள்ளும். இரண்டாவது, இனப்பெருக்கம். இதன் அடித்தட்டிலிருந்து பிரியும் சிறு துணுக்கு ஒவ்வொன்றும் தனித்ததோர் உயிராக வளரவல்லது. ஆதலின், கத்தியாற் சுரண்டுபவர் ஒன்றை அழித்ததாக எண்ணிப் பலவற்றை விதைத்தவராவர்.

நோயின் முதலை நாடியே மருத்துவஞ் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி இதற்கும் பொருந்தும். இரையை அளவாக இடுதலும், மிஞ்சியதை அகற்றுதலும், குறித்த காலத்தில் நீரின் ஒரு பகுதியை மாற்றுதலும் முதற்கண் செய்யத்தக்கன. புதிய பாறையையும் முருகையையும் சில வாரம் வேறொரு தொட்டியில் வைத்து ஆராய்ந்த பின்னரே சேர்த்தல் வேண்டும்.

தொகை குறைவாயின், தூய நீற்றுச் சுண்ணாம்பை நீரிற் குழைத்துப் பீச்சுக்குழலால் அதன் வாயினுட் செலுத்துவர். சுண்ணாம்பின் கடுங் காரம் அதன் இழையங்களை எரித்துவிடும். அவ்வேளை நீரோட்டப் பொறியைச் சிறிது நேரம் நிறுத்துதல் வேண்டும். ஒரே நாளிற் பலவற்றுக்கு இட்டால், தொட்டி நீரின் காரத்தன்மை உயர்ந்து ஏனைய உயிர்களும் கெடும். கைக்கும் கண்ணுக்கும் காப்பு அணிதல் இன்றியமையாதது.

தொகை மிகின், இயற்கைப் பகைவரை நாடுவதே வழி. அமெரிக்காவின் புளோரிடாக் கடலிற்குரிய பேர்கியா என்னும் ஓடற்ற சிறு நத்தை ஐப்டேசியாவையே உண்டு வாழும். அஃது ஒழிந்தபின் தானும் பட்டினியால் இறக்கும். அத்திலாந்திக் கடலின் செவ்வரி இறால் ஒன்றும் இப்பணிக்குப் பயன்படுகின்றது. வண்ணத்துப்பூச்சி மீன்களுட் சிலவும் இதனை உண்ணும். ஆயினும் காக்கவேண்டிய முருகையையும் அவை கொத்தக்கூடும்.

எவ்வழியைக் கையாளினும் ஓர் எல்லை உண்டு. தொட்டியின் நீரையும் பாறையையும் உயிரையும் கடலிற் கொட்டுதல் ஆகாது. இந்து சமுத்திரத்துக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் உரிய சிங்கமீன், 1985 ஆம் ஆண்டிற் புளோரிடாக் கரையிற் காணப்பட்டது. வளர்ப்போர் விட்ட மீன்களிலிருந்தே அது பெருகியது என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. இன்று கரீபியன் கடலெங்கும் பரவி, அங்குள்ள சிறு மீன்களை அது தின்றழிக்கின்றது. அவ்வாறே அயற்கடல் நத்தையோ இறாலோ குச்சவெளிக் கடலிற் புகுமாயின், நேரக்கூடிய விளைவை முன்னறிதல் அரிது. தொட்டிக்கென அக்கடலின் முருகைக்கல்லைப் பெயர்த்தெடுத்தலும் தகாது; தேசியப் பூங்காவின் எல்லையுள் அது சட்டத்துக்கும் மாறானது.

களையெனப்படும் இவ்வுயிர் ஆய்வுகூடத்திற் பெரும் பயன் தருகின்றது. எளிதில் வளர்வதாலும், முருகையைப் போலவே அல்காவோடு கூடி வாழ்வதாலும், கடல்நீர் வெப்பமுறும்போது முருகை வெளிறிப்போதலின் காரணத்தை அறிய விஞ்ஞானிகள் இதனையே வளர்க்கின்றனர். இதன் பரம்பரையலகுத் தொகுதி 2015 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. எனவே, களை என்பது உயிரின் இயல்பன்று. அஃது இருக்கும் இடத்தையும், அவ்விடத்தின் சமநிலையையும் பொறுத்தது. பகைவரும் இரையும் நீரோட்டமும் ஒன்றையொன்று அளந்து நிற்கும் கடலில் அடங்கிக் கிடப்பது, அவ்வளவு குலைந்த சிறு தொட்டியில் ஓங்கிவிடுகின்றது. தொட்டியைக் காப்பவர் அக்குலைவைத் திருத்தினால் களை தானே தளரும்; கடலின் சமநிலை குலையுமாயின், அதனைத் திருத்தும் பீச்சுக்குழல் எவர் கையிலும் இல்லை.