வயலில் விளைவது வீட்டு அடுப்பில் வேகட்டும்

ஆட்டையாம்பட்டி என்றதும் கைமுறுக்கு நினைவுக்கு வரும். அரிசி மாவைக் கையால் சுற்றிப் பொரித்தெடுக்கும் இத்தொழிலால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. எனினும் முறுக்கு தின்பண்டமே, வேளை உணவாகாது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 பேருக்கும் இரத்தசோகை உள்ளது. இதைப் போக்க மாத்திரையோடு வீட்டுச் சமையலும் தேவை.

களியும் கீரையும்

சேலம், நாமக்கல் பகுதிக்குப் பழக்கமான கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் அதன் இரும்புச்சத்து உடலில் எளிதில் சேரும்.

களிக்கு முருங்கைக்கீரையும் தட்டைப்பயற்றுக் குழம்பும் ஏற்ற துணை. கீரையைக் கழுவிய பின்னரே நறுக்கவேண்டும். வெந்த நீரைக் கொட்டலாகாது. உணவுடன் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்ப்பது இரும்புச்சத்து சேர உதவும். சாப்பிட்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.

புழக்கடையில்

பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் ஒரு முருங்கை நடலாம். கிணற்றடியில் ஒரு பாத்தி சிறுகீரை விதைத்தால் சுமார் 25 நாளில் பறிக்கலாம். கீரை ஆய்வதில் ஆண்களும் கைகொடுத்தால் இல்லத்தரசியின் சுமை குறையும்.

விளைந்த கேழ்வரகு முழுவதையும் சந்தைக்கு அனுப்பிவிடாமல், வீட்டுத் தேவைக்கு ஒரு மூட்டையாவது ஒதுக்கி வையுங்கள். விற்ற காசில் வாங்கும் பொட்டலத்தைவிட அந்த மூட்டையே பிள்ளைகளுக்கு நல்ல முதலீடு.